எட் வுட்

எட்வர்ட் டேவிஸ் வுட் ஜூனியர் (அக்டோபர் 10, 1924 – டிசம்பர் 10, 1978) ஓர் அமெரிக்கத் திரைப்பட இயக்குனர், தயாரிப்பாளர், திரைக்கதை ஆசிரியர், நடிகர் மற்றும் புதின எழுத்தாளர் ஆவார். எட் வுட் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவர், 1950களில் மிகக் குறைந்த செலவில் எடுத்த அறிவியல் புனைவு, திகில், குற்றப் படங்களுக்காக நினைவுகூரப்படுகிறார். இவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஒரு நூல், எக்காலத்திற்கும் மிக மோசமான இயக்குனர் என்ற பட்டத்தை இவருக்குச் சூட்டியது. கேலிக்காகக் கொடுக்கப்பட்ட அப்பட்டமே இவருடைய படங்களுக்கு உலகெங்கும் பார்வையாளர்களைத் தேடித் தந்தது. ஆயினும் அப்பட்டம் பொருத்தமானதா என்பது ஐயத்திற்குரியது. இவருடைய படங்களில் இல்லாத பிழை ஏதும் இல்லை எனலாம். ஆனால் பார்ப்பவரைத் தூங்க வைக்கும் பிழை மட்டும் அவற்றில் அரிது.

இளமைக்காலம்

எட் வுட் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பொகீப்ஸி நகரில் பிறந்தார். தந்தை அஞ்சல் துறையில் பணியாற்றியவர். சிறுவயதில் தாய் இவருக்குப் பெண் குழந்தைகளின் உடையை அணிவித்ததாக இவருடைய மனைவி பிற்காலத்தில் கூறியுள்ளார். பெண்ணுடையின் மீதும், குறிப்பாக அங்கோரா எனப்படும் மென்மயிர்க் கம்பளிச் சட்டையின் மீதும் இவருக்கிருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த கோடாக் படப்பிடிப்புக் கருவியைக் கொண்டு சிறுவனாக இருந்தபோதே படம் எடுக்கத் தொடங்கினார். உள்ளூர்த் திரையரங்கில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் வேலையையும் செய்தார்.

1942ல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரைன் படையில் சேர்ந்த வுட், 1946ல் விடுவிக்கப்பட்டார். பசிபிக் போர்முனையில் தாம் செய்ததாக இவர் நண்பர்களிடம் சொல்லிவந்த வீரச்செயல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் படைத்துறை ஆவணங்கள் உறுதி செய்யவில்லை. கதை சொல்லும் ஆர்வம் இவருக்குத் திரைப்படத்திற்கு முன்பே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஹாலிவுட்டில்

1947ல் ஹாலிவுட் சென்ற வுட், நாடகங்கள் எழுதியும் விளம்பரப் படங்கள் எடுத்தும் சில ஆண்டுகளைக் கழித்தார். 1948ல் தொடங்கிய ஒரு கௌபாய் படம் பணமின்றிப் பாதியில் நின்றது. இவர் இயக்கி வெளிவந்த முதல் முழுநீளப் படம் கிளென் ஆர் கிளெண்டா (1953) ஆகும்.

அமெரிக்கப் படைவீரராக இருந்த கிறிஸ்டின் ஜோர்கென்சன் டென்மார்க்கில் அறுவை சிகிச்சை மூலம் பெண்ணாக மாறிய செய்தி 1952 டிசம்பரில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அப்பரபரப்பைக் காசாக்க விரும்பிய தயாரிப்பாளர் ஜார்ஜ் வைஸிடம், இக்கதையை எடுக்கத் தம்மைவிடத் தகுதியானவர் இல்லை என்று வுட் வாதிட்டு வாய்ப்பைப் பெற்றார். தயாரிப்பாளர் எதிர்பார்த்தது பால் மாற்றக் கதை. வுட் எடுத்ததோ பெரும்பாலும் பெண்ணுடை அணிய விரும்பும் ஓர் ஆணின் கதை. அந்த ஆணாக டேனியல் டேவிஸ் என்ற புனைபெயரில் தாமே நடித்தார். அவனுடைய வருங்கால மனைவியாக நடித்தவர், அப்போது இவருடைய காதலியாக இருந்த டொலோரஸ் புல்லர்.

இப்படத்தின் நடுவே, காரணம் எதுவும் சொல்லப்படாமல், டிராகுலா புகழ் பெலா லுகோசி ஒரு நாற்காலியில் அமர்ந்து மனித குலத்தைப் பற்றிப் பொருள் விளங்காத வசனங்களைப் பேசுகிறார். அவர் முகத்தின் மேல் காட்டெருமைக் கூட்டம் ஓடுகிறது. காட்டெருமைகள் வேறு யாரோ எப்போதோ எடுத்த பழைய படச்சுருளிலிருந்து வந்தவை. இவ்வளவு குழப்பத்திற்கும் இடையே, தன் ஆடை விருப்பத்தை மணக்கவிருக்கும் பெண்ணிடம் சொல்ல அஞ்சும் ஒருவனுடைய தவிப்பு இப்படத்தில் நேர்மையாகப் பதிவாகியுள்ளது. அத்தகையோரைக் குற்றவாளிகளாகவும் நோயாளிகளாகவும் மட்டுமே சமூகம் கண்ட 1953ல், அவர்கள் மீது இரக்கம் கோரிய அமெரிக்கப் படங்கள் மிகச் சில.

பெலா லுகோசியுடன் நட்பு

ஹங்கேரியில் பிறந்த லுகோசி, 1931ல் வெளிவந்த டிராகுலா படத்தால் உலகப் புகழ் பெற்றவர். 1950களில் பெரிய நிறுவனங்கள் அவரைக் கைவிட்டிருந்தன. கால் வலிக்காக எடுத்துக்கொண்ட மருந்து நாளடைவில் போதைப் பழக்கமாக மாறியிருந்தது. வுட் அவரைத் தம் படங்களின் நாயகனாகக் கண்டார். நொடித்துப்போன முதியவரின் பெயரை வுட் பயன்படுத்திக்கொண்டார் என்பாரும் உண்டு; யாரும் வேலை தராத காலத்தில் வேலையும் தோழமையும் தந்தவர் என்பாரும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இவர்கள் இணைந்த அடுத்த படமான பிரைட் ஆஃப் த மான்ஸ்டர் (1955), அணு ஆற்றலால் மனிதர்களை அசுர பலம் உடையவர்களாக்க முயலும் ஒரு விஞ்ஞானியைப் பற்றியது. படப்பிடிப்பு தொடங்கிச் சில நாட்களில் பணம் தீர்ந்தது. மீதிப் பணத்தைத் தந்தவர் இறைச்சி வணிகர் ஒருவர். அவருடைய மகனே படத்தின் கதாநாயகன் ஆனார். விஞ்ஞானியின் ஊமை அடியாள் லோபோவாக, சுவீடனில் பிறந்த பருத்த உடலுடைய மல்யுத்த வீரர் டோர் ஜான்சன் நடித்தார். படத்தின் இறுதியில் லுகோசியைக் கொல்லும் எண்காலி, ரப்பரால் ஆனது. அதை இயக்கும் மோட்டார் இல்லாததால், நடிகர்களே அதன் கைகளைப் பிடித்துத் தம்மேல் சுற்றிக்கொண்டு போராட வேண்டியிருந்தது. கொல்லப்படுபவரே கொலையாளியின் வேலையையும் சேர்த்துச் செய்யும் இக்காட்சி, குறைந்த செலவுத் திரைப்படங்களின் வரலாற்றில் தனி இடம் பெற்றது.

1955ல் லுகோசி தாமாகவே முன்வந்து அரசு மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். 1956 ஆகஸ்ட் 16 அன்று மாரடைப்பால் காலமான அவர், டிராகுலாவின் மேலங்கி அணிவிக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார்.

பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்

லுகோசி இறப்பதற்கு முன் வுட் அவரை வைத்துச் சில நிமிடங்கள் மட்டும், வசனமில்லாமல், எடுத்து வைத்திருந்தார். அச்சிறு துண்டைச் சுற்றி ஒரு முழுப்படத்தை எழுதியதே பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ் உருவான கதை. இறந்த நடிகரின் மீதிக் காட்சிகளுக்கு மாற்றாள் தேவைப்பட்டார். வுட்டின் மனைவிக்கு முதுகெலும்புச் சிகிச்சை அளித்துவந்த டாம் மேசன் என்பவர் அதற்குத் தேர்வானார். அவர் லுகோசியை விட உயரமானவர், முகச்சாயலும் இல்லை. எனவே படம் முழுவதும் மேலங்கியால் முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டே நடமாடினார்.

படத்திற்குப் பணம் தந்தவர்கள் கிறித்தவ பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். முதலில் ஒரு வெற்றிப்படம் எடுத்து, அந்த இலாபத்தில் சமயப் படங்கள் எடுப்பது அவர்களின் திட்டம். விண்வெளிக் கல்லறைத் திருடர்கள் என்ற பொருள்படும் முதல் தலைப்பு அவர்களுக்குப் பிடிக்காததால் மாற்றப்பட்டது. படக்குழுவைச் சேர்ந்த சிலர் திருமுழுக்குப் பெறவும் நேர்ந்தது. டோர் ஜான்சனின் உடல் அளவைக் கருதி அவருக்கு நீச்சல் குளத்தில் திருமுழுக்கு நடந்ததாகக் கூறப்படுகிறது.

கதை இதுதான். மனிதர்கள் அணுகுண்டோடு நிற்காமல், சூரிய ஒளியையே வெடிக்கச் செய்யும் ஆயுதத்தைக் கண்டுபிடித்து அண்டத்தையே அழித்துவிடுவார்கள் என்று வேற்றுக்கோள்வாசிகள் அஞ்சுகின்றனர். பூமியின் அரசுகள் அவர்களின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்காததால், ஒன்பதாம் திட்டத்தின்படி இறந்தவர்களை உயிர்ப்பித்து மனிதர்களைப் பணியவைக்க முயல்கின்றனர். திட்டம் பெரியது, உயிர்த்தெழுந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே. லுகோசியும் டோர் ஜான்சனும் போக, மூன்றாமவர் தொலைக்காட்சியில் திகில் படங்களை அறிமுகம் செய்து புகழ்பெற்ற வாம்பைரா. இவருக்குப் படத்தில் ஒரு வசனமும் இல்லை. எதிர்காலத்தைக் கணிப்பதாகக் கூறித் தொலைக்காட்சியில் தோன்றிவந்த கிரிஸ்வெல் கதைசொல்லியாக வருகிறார். வருங்காலத்தில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகள் என்று தொடங்கி, அவை ஏற்கெனவே நடந்து முடிந்தவை என்று அதே உரையில் அவர் முடிப்பது குறிப்பிடத்தக்கது.

இப்படத்தின் குறைகள் இரசிகர்களால் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுபவை. கல்லறைக் கற்கள் ஆடுகின்றன; ஒன்று சாய்ந்தே விடுகிறது. ஒரே துரத்தல் காட்சியில் இரவும் பகலும் மாறி மாறி வருகின்றன. லுகோசியின் காட்சிகள் பகலில் திறந்தவெளியிலும், மற்றவை இருட்டான சிறிய படப்பிடிப்புத் தளத்திலும் எடுக்கப்பட்டதே இதற்குக் காரணம். விமான ஓட்டிகளின் அறைக்குக் கதவு கிடையாது. குளியலறைத் திரை போன்ற ஒன்று தொங்குகிறது. பறக்கும் தட்டுகள் காரின் வீல் கப் என்றும் காகிதத் தட்டு என்றும் சொல்லப்படுவது மட்டும் தவறு. அவை கடைகளில் சிறுவர்களுக்காக விற்கப்பட்ட, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மைகள். கேலி செய்வோரும் தகவலைச் சரிபார்ப்பதில்லை என்பதற்கு இது சான்று.

மொத்தச் செலவு சுமார் 60,000 டாலர். பெரும்பாலான காட்சிகள் ஒரே முறை மட்டும் எடுக்கப்பட்டன. ஆனால் எல்லாப் பழியையும் பணத்தின் மேல் போட இயலாது. அதே அளவு பணத்தில் ஒழுங்கான படம் எடுத்தவர்கள் உண்டு. வுட்டின் வசனங்கள் எத்தனை இலட்சம் டாலர் கொடுத்தாலும் அப்படியே இருந்திருக்கும்.

எனினும் கதைக்கருவை மட்டும் எடுத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். பேரழிவு ஆயுதங்களைக் கைவிடுமாறு வேற்றுக்கோள்வாசி ஒருவர் பூமிக்கு வந்து எச்சரிப்பது, ராபர்ட் வைஸ் இயக்கி 1951ல் வெளிவந்த த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்தின் கருவும் ஆகும். பெரிய நிறுவனத்தின் பணத்தில் உருவான அப்படம் அறிவியல் புனைவின் செவ்வியல் படைப்பாகப் போற்றப்படுகிறது. வுட்டின் படத்தில் வேற்றுக்கோள்வாசி, மனிதர்கள் அறிவிலிகள் என்று பொறுமையிழந்து கத்துகிறார். அதற்குப் பூமியின் நாயகன் அளிக்கும் மறுமொழி ஒரு குத்து. கண்ணியமான வேற்றுக்கோள்வாசியின் நீண்ட உரையை விட, இக்காட்சி மனித இனத்தைப் பற்றிய துல்லியமான கணிப்பு என்று கருதவும் இடமுண்டு. வுட் அதை வேண்டுமென்றே செய்தாரா என்பது வேறு கேள்வி.

1957ல் லாஸ் ஏஞ்சலஸில் முன்னோட்டமாகத் திரையிடப்பட்ட இப்படம், சில ஆண்டுகள் தாமதித்தே பரவலாக வெளியானது. வுட்டுக்கு இதனால் பெரிய வருமானம் கிடைக்கவில்லை. 1960களில் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவில் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின.

பிற்காலம்

அடுத்து எடுத்த நைட் ஆஃப் த கூல்ஸ், போலி மந்திரவாதி ஒருவன் இறந்தவர்களை எழுப்புவதாக ஏமாற்ற, உண்மையாகவே அவர்கள் எழுந்து வந்துவிடும் கதை. படச்சுருளைக் கழுவிய ஆய்வகத்திற்குப் பணம் செலுத்தாததால் படம் அங்கேயே முடங்கி, 1980களில்தான் வீடியோவாக வெளிவந்தது. அதற்குள் இயக்குனரும் இறந்துவிட்டார்.

த சினிஸ்டர் அர்ஜ் (1960) படத்திற்குப் பின் வுட்டுக்கு வாய்ப்புகள் குறைந்தன. பிழைப்புக்காக மலிவான குற்றப் புதினங்களையும் பாலியல் புதினங்களையும் எழுதிக் குவித்தார். இவை குறைந்தது 80 இருக்கும். 1970களில் ஆபாசப் படங்களையும் இயக்கினார். குடிப்பழக்கம் முற்றியது. 1956ல் மணந்த மனைவி கேத்தி இறுதிவரை உடனிருந்தார்.

1978 டிசம்பரில் வாடகை செலுத்தாத காரணத்தால் இருவரும் ஹாலிவுட் யுக்கா தெருவிலிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கையெழுத்துப் பிரதிகள் உள்ளிட்ட உடைமைகள் பல அங்கேயே விடப்பட்டன. நடிகரும் நண்பருமான பீட்டர் கோ வீட்டில் தங்கியிருந்தபோது, டிசம்பர் 10 அன்று மாரடைப்பால் வுட் இறந்தார். வயது 54. உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கடலில் தூவப்பட்டது. அவ்வாண்டு மிக மோசமான 50 படங்களைப் பற்றி ஹாரி மெட்வெட் எழுதிய நூல் ஒன்று வெளியாகியிருந்தது. அப்பட்டியலில் கூட வுட்டின் பிளான் 9 இடம்பெறவில்லை.

மறைவுக்குப் பின்

அந்நூலின் வாசகர்கள் விடுபட்ட படங்களைச் சுட்டிக்காட்டி அனுப்பிய வாக்குகளின் அடிப்படையில், மெட்வெட் சகோதரர்களின் த கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ் (1980) பிளான் 9ஐ மிக மோசமான படமாகவும் வுட்டை மிக மோசமான இயக்குனராகவும் அறிவித்தது. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்தவர்களே வாக்களித்தனர் என்பதை மறந்துவிடலாகாது. மறக்க முடிந்த படத்திற்கு எவரும் அஞ்சல்தலை ஒட்டி வாக்கு அனுப்புவதில்லை.

ருடால்ஃப் கிரே, வுட்டுடன் பணியாற்றியவர்களின் நினைவுகளைத் தொகுத்து 1992ல் வெளியிட்ட நூலை அடிப்படையாகக் கொண்டு, டிம் பர்ட்டன் 1994ல் எட் வுட் என்ற திரைப்படத்தை இயக்கினார். ஜானி டெப் வுட்டாக நடித்தார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதும், ஒப்பனைக்கு மற்றோர் ஆஸ்காரும் கிடைத்தன. பிளான் 9ஐப் போல 100 மடங்குக்கும் மேலான செலவில் எடுக்கப்பட்ட இப்படமும் திரையரங்குகளில் நட்டமடைந்தது. ஆர்சன் வெல்சை வுட் மதுக்கூடத்தில் சந்திப்பதாக வரும் காட்சியும், பிளான் 9 ஆரவாரத்துடன் திரையிடப்படுவதாக வரும் முடிவும் கற்பனையே.

1957ல் வுட் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முன்னோட்டமாக எடுத்து, எந்த நிலையமும் வாங்காமல் போன ஃபைனல் கர்ட்டன் என்ற குறும்படம் நெடுங்காலம் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. நள்ளிரவில் வெறிச்சோடிய நாடக அரங்கில் தனியே சுற்றிவரும் ஒரு நடிகனைப் பற்றிய இப்படத்தின் பிரதியை, வுட்டின் நடிகர்களுள் ஒருவருடைய உறவினர் தேடிக் கண்டெடுத்தார். அது 2012ல் ஸ்லாம்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.