காமா பயில்வானுக்குச் சாப்பாடு போட்டது யார்?

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு பதுளை நகரில் நடந்து வந்துகொண்டிருந்தேன். என்னிடம் சாதாரண தரம் வரை படித்து, இப்போது ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளையொருவன் என்னை மறித்தான். பசறைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். வயது பதினெட்டு, நிறை 46 கிலோ. கைத்தொலைபேசியில் ஒரு புரோட்டீன் மாவு டின்னின் படத்தைக் காட்டினான். அதன் விலை அவனது மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. அதைக் குடித்தால் உடம்பு வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். வகுப்பில் எனக்கு ஈர்க்கு என்று பட்டப்பெயர். பெருநாள் காசைச் சேர்த்து ஒரு டின் வாங்கினேன். பாணும் பிளேன்டீயும் சாப்பிட்டுக்கொண்டே அதைக் குடித்து முடித்தேன். பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. மிஞ்சியது வெறும் டின்தான். உம்மா அதில் சீனி போட்டு வைத்தார்.

அன்று பஸ் நிலையம் வரை அவனோடு நடந்துகொண்டே நான் சொன்னது காமா பயில்வானின் கதை.

குலாம் முஹம்மத் பக்ஷ் என்பது அவரது பெயர். 1878இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில், மல்யுத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த கஷ்மீரி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஆறு வயதளவில் வாப்பாவை இழந்தார். பாட்டனாரும் பின்னர் மாமாவும் அவரைப் பொறுப்பேற்று வளர்த்தனர். பத்து வயதில், 1888இல், ஜோத்பூர் மகாராஜா நடத்திய போட்டியொன்றில் கலந்துகொண்டார். உட்கார்ந்து எழும்பும் பயிற்சியை யார் அதிக நேரம் செய்கிறார் என்பதே போட்டி. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தனர். இறுதிவரை நின்ற பதினைந்து பேரில் இந்தச் சிறுவனும் ஒருவன். வயதைக் கருதி அவனையே வெற்றியாளனாக மகாராஜா அறிவித்தார். பிறகு ததியா சமஸ்தானத்து மகாராஜா அவனைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டார்.

காமா உயரமானவர் அல்லர். ஐந்தடி ஏழு அல்லது எட்டு அங்குலம்தான். 1895இல் ஏழடியை நெருங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதினார். அந்தப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1910இல் லண்டன் சென்றபோது, ஆள் குள்ளம் என்று சொல்லி அவரைப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் திரும்பி வந்துவிடவில்லை. எந்த நிறையுடைய வீரரும் தன்னோடு மோதலாம் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார். செப்டம்பர் 10ஆம் திகதி போலந்தின் ஸ்பிஸ்கோவோடு மோதினார். தன்னைவிடப் பெரிய உடம்புடைய அவரை இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேலாகத் தரையிலேயே வைத்திருந்தார். முடிவு கிடைக்காததால் அடுத்த வாரம் மீண்டும் மோதுவதென்று தீர்மானிக்கப்பட்டது. ஸ்பிஸ்கோ வரவில்லை. ஜோன் புல் பட்டி காமாவுக்குக் கிடைத்தது. நாடு திரும்பியபின் ரஹீம் பக்ஷையும் வென்றார். 1928இல் பட்டியாலாவில் ஸ்பிஸ்கோ மீண்டும் எதிரே நின்றபோது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போட்டி முடிந்துவிட்டது.

பத்து வயதிலேயே நாளுக்கு ஐந்நூறு தண்டால் எடுத்தார், வளர்ந்தபின் ஆயிரக்கணக்கில் எடுத்தார் என்றெல்லாம் சொல்வார்கள். நாளை முதல் தானும் ஐந்நூறு எடுக்கவா என்று அந்தப் பிள்ளை கேட்டான். வேண்டாம் என்றேன். தொடங்குகிறவன் கிழமைக்கு மூன்று நாள் செய்தால் போதும். உட்கார்ந்து எழும்புதல், தண்டால், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுத்தல், மண் நிரப்பிய பையைத் தூக்குதல். பன்னிரண்டு தடவை இலகுவாக வந்ததும் பாரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இடையில் வரும் நாட்கள் ஓய்வுக்கு. இரவில் எட்டு மணித்தியாலத் தூக்கம். ஊசி போட்டால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது. அது இதயத்தையும் ஈரலையும் கெடுப்பதோடு உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹோர்மோனையும் நிறுத்திவிடும்.

அடுத்தது சாப்பாடு. தசை வளர்க்க நினைப்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். இவனுக்கு 70 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், அவித்த கடலை ஒரு கோப்பையில் 14 கிராம், காய்ந்த சோயா மீட் 50 கிராமில் 25 கிராம் அளவில் இருக்கிறது. மீதிக்குச் சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு, பயறு, கச்சான், ஒரு குவளைப் பால் உண்டு. டின் தேவையில்லை. தேயிலை விளையும் மண்ணில் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்றேன். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் தலையாட்டினான். பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காமாவின் கதையில் பாதியைத்தான் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

காமாவின் உழைப்பு அவருடையது. ஆனால் அவரது பால், நெய், பாதாம், இறைச்சிச் சாறு எல்லாம் அரசவைகளின் ஆதரவில் வந்தவை. வாப்பா இல்லாத அந்தப் பிள்ளையைக் கண்டெடுத்து, இவனுக்குச் சாப்பாடு நான் போடுகிறேன் என்று பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். நம் தோட்டப் பிள்ளைகளுக்கு அப்படி யார் இருக்கிறார்? 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப் பகுதிகளில் 32 வீதம். இந்த மெலிவு சோம்பலால் வந்ததல்ல. சின்ன வயதிலேயே தட்டில் குறைந்துபோனது அது.

காமாவின் கடைசிக் காலமும் இதையே சொல்கிறது. 1947 பிரிவினைக் கலவரத்தில், லாகூரில் தன் வீதியில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களுக்கு அவர் காவலாக நின்றார் என்பது அவரைப் பற்றி இன்றும் அதிகம் பேசப்படும் சம்பவம். அந்தப் பலத்துக்கு அதைவிட நல்ல பயன் வேறில்லை. பின்னர் நோயும் வறுமையும் வந்தபோது, எல்லைக்கு அப்பால் இருந்து அவருக்குப் பண உதவி செய்தவர்களில் தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவும் ஒருவர். 1960 மே மாதம் லாகூரில் காமா காலமானார். உலகை வென்ற பயில்வானுக்கும் பத்து வயதில் ஒரு கை தேவைப்பட்டது. எண்பது வயதிலும் ஒரு கை தேவைப்பட்டது.

பதுளையிலும் பண்டாரவளையிலும் நம்மவர்களின் கடைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். பகல் சாப்பாடு கடை முதலாளிதான் கொடுக்கிறார். பெரும்பாலும் அது சோறும் இரண்டு மரக்கறியும். அடுத்த நாள் அந்தப் புடவைக் கடை முதலாளியிடம் போய், அவனுடைய பார்சலில் தினமும் இரண்டு முட்டையும் கொஞ்சம் கடலையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவனுக்கு மட்டும் எப்படி என்று கேட்டுவிட்டு, கடையிலுள்ள ஐந்து பேருக்கும் சேர்த்தார்.

போன கிழமை அவனைக் கண்டேன். நிறை 48 கிலோ. தண்டால் பதினைந்து எடுக்கிறானாம். இரண்டு கிலோ பெரிய விடயமா என்று சிலர் கேட்கக்கூடும். பயிற்சி அவனுடையது. முட்டை நம்முடையது. நமது கடைகளில் நாளைய பகல் பார்சலைக் கட்டும்போது இதைக் கொஞ்சம் யோசிப்போம்.