டென்சிங் நோர்கே

டென்சிங் நோர்கே (1914 – மே 9, 1986) இமயமலையின் புகழ்பெற்ற மலையேறுநரும் மலை வழிகாட்டியும் ஆவார். 1953 ஆம் ஆண்டு மே 29 ஆம் நாள், நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லரியுடன் இணைந்து எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை முதன்முதலில் அடைந்தார். கூலிக்குச் சுமை தூக்கும் தொழிலாளராகத் தொடங்கிய இவர், பின்னர் குழுத் தலைவராகவும், மலையேற்றப் பயிற்சியாளராகவும், மலைப்பயண நிறுவனம் ஒன்றின் நிறுவனராகவும் விளங்கினார். இமயமலைப் பயணங்களில் ஷெர்ப்பாக்கள் வெறும் சுமைதூக்கிகளாகக் கருதப்பட்ட நிலை மாறியதில் இவரது வாழ்க்கைக்கு முக்கியப் பங்கு உண்டு.

பிறப்பும் இளமையும்

டென்சிங் 1914 ஆம் ஆண்டின் மே மாத இறுதியில் பிறந்தவராகக் கருதப்படுகிறார். சரியான பிறந்த நாள் தெரியாததால், எவரெஸ்ட் உச்சியை அடைந்த மே 29 ஆம் நாளையே பின்னாளில் தம் பிறந்த நாளாகக் கொண்டாடினார். பிறந்த இடம் குறித்தும் கருத்து வேறுபாடுகள் உள்ளன. நேபாளத்தின் கும்பு பகுதியில் பிறந்ததாக இவரது தன்வரலாறு கூறுகிறது. திபெத்தின் கர்த்தா பகுதியில் பிறந்ததாகப் பிற்கால வரலாறுகள் கூறுகின்றன. இளமையின் ஒரு பகுதியைக் கும்பு பகுதியிலுள்ள தாமே என்னும் ஊரில் கழித்தார். தந்தை யாக் மாடுகளை மேய்த்து வந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் பதினொன்றாவதாகப் பிறந்த இவருடன் பிறந்தவர்களில் பலர் இளமையிலேயே இறந்தனர்.

இவருக்கு முதலில் இடப்பட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடாலயத்தின் தலைமைத் துறவியின் அறிவுரைப்படியே டென்சிங் நோர்கே என்று பெயர் மாற்றப்பட்டது. இவர் பள்ளி சென்று படித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதபோதும் பல மொழிகளைப் பேசக் கற்றிருந்தார்.

டார்ஜிலிங் வாழ்க்கை

அக்காலத்தில் நேபாளம் வெளிநாட்டு மலையேறுநர்களை அனுமதிக்கவில்லை. ஆகவே எவரெஸ்ட் செல்லும் பிரித்தானியக் குழுக்கள் டார்ஜிலிங்கில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு திபெத் வழியாகவே சென்றன. வேலை தேடி ஷெர்ப்பாக்கள் பலர் அந்நகரில் குடியேறினர். டென்சிங்கும் 1930களின் தொடக்கத்தில் அங்கு வந்து சேர்ந்தார்.

இத்தொழிலில் உயிரிழப்புகள் மிகுதி. 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சுமைதூக்கிகள் எழுவர் இறந்தனர். 1937 இல் நங்க பர்பத் மலையில் நேர்ந்த பனிச்சரிவில் ஒன்பது ஷெர்ப்பாக்கள் உட்படப் பதினாறு பேர் இறந்தனர்.

1935 இல் எரிக் ஷிப்டன் தலைமையிலான எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்தில் டென்சிங்கிற்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. தொடர்ந்து 1936, 1938 ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களிலும் பங்குகொண்டார். மிக உயரமான முகாம்களுக்குச் சுமை கொண்டு சென்ற ஷெர்ப்பாக்களுக்கு இமாலயக் கழகம் வழங்கிய புலிப் பதக்கத்தையும் பெற்றார்.

சர்தார் பொறுப்பு

மலைப்பயணக் குழுவின் ஷெர்ப்பாக்களுக்குத் தலைவராக இருப்பவர் சர்தார் எனப்படுவார். ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், சுமைகளைப் பகிர்ந்தளித்தல், கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தல், பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியன இவரது பணிகள். வெளிநாட்டினரின் விருப்பத்துக்கும் தம் ஆட்களின் பாதுகாப்புக்கும் இடையே நின்று முடிவெடுக்க வேண்டியவரும் இவரே.

1947 இல் கார்வால் பகுதிக்கு வந்த சுவிட்சர்லாந்துக் குழுவின் சர்தார் வாங்டி நோர்பு விழுந்து காயமடைந்தார். அவருக்குப் பதிலாக டென்சிங் முதன்முறையாகச் சர்தார் பொறுப்பேற்றார். 1951 இல் பிரெஞ்சுக் குழுவுடன் நந்தா தேவிக்குச் சென்றபோது, காணாமற்போன இரு பிரெஞ்சு வீரர்களைத் தேடி நந்தா தேவி கிழக்குச் சிகரத்தில் ஏறினார். தாம் ஏறியவற்றுள் இதுவே மிகக் கடினமானது என்று அவர் கருதினார்.

1952 இல் சுவிட்சர்லாந்துக் குழு நேபாளம் வழியாக எவரெஸ்ட் சென்றது. இதில் டென்சிங் சர்தாராக மட்டுமன்றி, ஏறும் குழுவின் உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். இவரும் ரேமண்ட் லாம்பர்ட்டும் மே 28 ஆம் நாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தை எட்டித் திரும்பினர். அதுவரை எவரெஸ்டில் எவரும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. லாம்பர்ட்டின் நட்பை டென்சிங் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

1953 எவரெஸ்ட் பயணம்

ஜான் ஹன்ட் தலைமையிலான 1953 பிரித்தானியப் பயணம் டென்சிங்கிற்கு ஏழாவது எவரெஸ்ட் பயணம் ஆகும். 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் பொருட்களை அடிவாரத்துக்குக் கொண்டு சென்றனர். கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியில் ஹில்லரி பனிப்பிளவு ஒன்றில் விழுந்தபோது, டென்சிங் தம் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காத்தார்.

மே 26 இல் முதல் இணையர் தெற்குச் சிகரம் வரை சென்று திரும்பினர். இரண்டாவது இணையரான ஹில்லரியும் டென்சிங்கும் மே 29 ஆம் நாள் முற்பகல் 11.30 மணியளவில் உச்சியை அடைந்தனர். அங்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் தங்கினர். டென்சிங் இனிப்புகளைப் பனியில் புதைத்துக் காணிக்கையாக்கினார். ஐக்கிய நாடுகள் அவை, பிரித்தானியா, நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள் கட்டிய பனிக்கோடரியை அவர் உயர்த்திப் பிடிக்கும் படத்தை ஹில்லரி எடுத்தார்.

புகழும் சர்ச்சைகளும்

நேபாளமும் இந்தியாவும் டென்சிங்கைத் தத்தம் குடிமகன் என்று உரிமை கொண்டாடின. உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்ததாகக் கூட்டறிக்கை வெளியிடப்பட்டது. பின்னர் 1955 இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஹில்லரியே சில அடிகள் முன்னே சென்றதாக டென்சிங் தெரிவித்தார். எனினும் ஒரே கயிற்றில் பிணைந்து ஏறுவோரிடையே இக்கேள்விக்குப் பொருளில்லை என்பதே அவர் நிலைப்பாடு.

ஹன்ட்டும் ஹில்லரியும் சர் பட்டம் பெற்றனர். டென்சிங்கிற்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. இவ்வேறுபாடு பின்னாளில் விமர்சனத்துக்கு உள்ளானது. இந்திய அரசு 1959 இல் இவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது.

பயிற்சியாளராக

இந்தியப் பிரதமர் ஜவகர்லால் நேருவின் ஆதரவுடன் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் முதல் களப் பயிற்சி இயக்குநரானார். இப்பணிக்காக முன்னதாகச் சுவிட்சர்லாந்து சென்று, ஆர்னால்ட் கிளாட்ஹார்டிடம் மலையேற்றப் பயிற்சி முறைகளைக் கற்றார். கயிற்றைக் கையாளுதல், பனியில் படி வெட்டுதல், பனியாற்றைக் கடத்தல் போன்றவை முறையான பாடங்களாகக் கற்பிக்கப்பட்டன. ஷெர்ப்பாக்கள் அனுபவத்தால் மட்டுமே அறிந்திருந்த தொழிலுக்கு இதனால் பயிற்சியும் மதிப்பும் கிடைத்தன.

மலைப்பயண வழிகாட்டி

1960களுக்குப் பின் இமயமலைப் பயணத்தின் தன்மை மாறியது. சிகரம் ஏறும் நோக்கமின்றி, பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் நடந்து காண விரும்பிய சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர். கூடாரம், உணவு, சுமைதூக்கிகள் ஆகியவற்றை வழிகாட்டியே ஏற்பாடு செய்யும் முறை, பழைய மலையேற்றக் குழுக்களின் சர்தார் முறையிலிருந்து வளர்ந்ததே ஆகும்.

1975 இல் பூட்டான் அனுமதித்த முதல் அமெரிக்கச் சுற்றுலாக் குழுவுக்கு டென்சிங் சர்தாராகச் சென்றார். 1976 இல் பயிற்சி நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின், 1978 இல் டென்சிங் நோர்கே அட்வென்சர்ஸ் என்னும் மலைப்பயண நிறுவனத்தைத் தொடங்கினார். இளமையில் பிறர் குழுவில் கூலியாளாகச் சேரக் காத்திருந்தவர், அறுபது வயதைக் கடந்தபின் தாமே பயணங்களை நடத்துபவரானார்.

மறைவும் நினைவும்

டென்சிங் 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் மூளைக் குருதிப்பெருக்கால் காலமானார். அவரது உடல் பயிற்சி நிறுவன வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. அவருடைய மகன் ஜாம்லிங் 1996 இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். எவரெஸ்ட் பயணிகள் வந்திறங்கும் லுக்லா வானூர்தி நிலையத்துக்கு 2008 இல் டென்சிங்–ஹில்லரி நிலையம் எனப் பெயரிடப்பட்டது. இந்திய அரசு வழங்கும் தேசிய சாகச விருதும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.