சுரங்கத் தொழிலாளரின் பத்திராதிபர்

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், காஸ்திர் என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஜோரெஸ். அவர் முதலில் மேற்கொண்டது ஆசிரியத் தொழிலே. அல்பி நகரக் கல்லூரியிலும் பின்னர் துலூஸ் சர்வகலாசாலையிலும் தத்துவம் போதித்தார். 1885இல் பாராளுமன்றம் புகுந்தார். 1889இல் தோல்வியுற்று மீண்டும் வகுப்பறைக்கே திரும்பினார்.

அவரைத் தொழிலாளர்பாற் சேர்த்தது கார்மோ நிலக்கரிச் சுரங்கமாகும். அங்குத் தொழிற்சங்கத் தலைவராயிருந்த கல்விஞாக் என்பவரை 1892இல் ஊரார் நகரபிதாவாகத் தெரிவுசெய்தனர். கம்பனியாரோ அவரை வேலையினின்றும் நீக்கினர். தம் வாக்குரிமைமேல் விழுந்த அடி இதுவெனக் கண்ட தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். துலூஸ் பத்திரிகையொன்றில் ஜோரெஸ் அவர்கள் பக்கம் நின்று எழுதினார். கல்விஞாக் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1893இல் கார்மோத் தொகுதி ஜோரெஸைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பின்னர் வேலையிழந்த கண்ணாடித் தொழிலாளர் அல்பியிலே தமக்கெனத் தொழிற்சாலை நிறுவியபோதும் அவர் துணைநின்றார்.

1904 ஏப்பிரிலில் அவர் தொடங்கிய 'லுமானித்தே' என்னும் நாளிதழின் பெயருக்கு மானிடம் என்பது பொருள். ஐரோப்பா போரை நோக்கி உருண்ட நாட்களில் அதனைத் தடுக்கவே அவர் எழுதினார், பேசினார். 1914 யூலை 31 இரவு, பாரிஸ் மொம்மார்த்திர் வீதிச் சிற்றுண்டிச்சாலையொன்றில், திறந்த யன்னலுக்கு முதுகு காட்டியிருந்து நண்பர்களுடன் உணவருந்துகையில், வில்லேன் என்னும் இளைஞன் வெளியே நின்று அவரைச் சுட்டுக் கொன்றான். மூன்றாம் நாள் ஜெர்மனி பிரான்சின்மீது போர் தொடுத்தது.

ஓகஸ்ட் 4இல், பேழையின் முன்னே தொழிற்சங்கப் பேரவையின் செயலாளர் லெயோன் ஜுஓ அஞ்சலி உரையாற்றினார். போரை வெறுத்துப் பேசிய அவரே போர்முனை செல்லவும் இசைந்தார். இதனை மறைத்தெழுதுவது ஜோரெஸுக்குச் செய்யும் மரியாதையாகாது. அவருடைய ஒரே மகனும் 1918இல் போர்க்களத்தில் மாண்டான்.

கொலையாளியோ போர் முடியும்வரை விசாரணையின்றிச் சிறையிலிருந்தான். 1919 மார்ச் 29இல் ஜூரிமார் அவனைக் குற்றமற்றவனென விடுவித்தனர். வழக்குச் செலவு விதவையின் தலையில் விழுந்தது. அதற்கு இரு வாரங்களின் முன்னர், பிரதமர் கிளமென்சோவைச் சுட்டுக் காயப்படுத்திய கொத்தேன் என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அது பின்னரே குறைக்கப்பட்டது. கொல்லாத குண்டுக்குத் தூக்குமேடையும் கொன்ற குண்டுக்கு விடுதலையுமா என்று தொழிலாளர் குமுறியதில் வியப்பில்லை. ஏப்பிரில் 6இல் தொழிற்சங்கத்தினரும் சோஷலிஸ்டுகளும் பாரிஸ் வீதிகளில் பெருந்திரளாக அணிவகுத்தனர். அக்காலப் பிரான்சிலே தூக்குமேடை இருக்கவில்லை. நம் வழக்குப்பற்றியே அவ்வாறு எழுதினேன்.

1924 நவம்பர் 23ஆம் நாள் அவர் பூதவுடல், தேசத்தின் பெரியோர் துயிலும் பாந்தெயோன் மண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அரசாங்கத்தார் நடத்திய அவ்விழாவில், பேழையுடன் கார்மோச் சுரங்கத் தொழிலாளர் தம் வேலையுடையிலேயே நடந்து சென்றனர்.