பல்வங்கர் பாலு

கிரிக்கெட்டு என்னும் ஆட்டம் ஆங்கிலேயர் நம் நாட்டிற்குக் கொணர்ந்ததாகும். முதற்கண் அவர்கள் தமக்குள்ளேயே ஆடினர். பின்னர்ப் பம்பாயில் வாழ்ந்த பார்சி மக்கள் அதனைக் கற்றனர். அவர்களைக் கண்டு இந்துக்களும் இசுலாமியரும் கற்றனர். இன்றோ அவ்வாட்டம் புகாத சிற்றூர் நம் நாட்டில் இல்லை. உலகக் கோப்பையை வென்ற வீரர்தம் பெயர்களைச் சிறுவரும் தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால் அவ்வீரர்கள் பிறப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, பந்து வீச்சில் இந்தியர்க்குள்ள ஆற்றலைக் கடல் கடந்த நாட்டினரும் கண்டு வியக்கச் செய்த ஒருவர் இருந்தார். அவரே பல்வங்கர் பாலு ஆவார்.

பாலு 1870-களின் நடுவில் தார்வார் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. எனினும் அவர்தம் முன்னோர் கொங்கணக் கரையில் இரத்தினகிரியைச் சார்ந்த பல்வண் என்னும் ஊரினர். ஊர்ப் பெயருடன் ‘கர்’ என்பதைச் சேர்த்துக் குடும்பப் பெயராக வழங்குவது மராட்டியர் மரபு. அங்ஙனம் அமைந்ததே பல்வங்கர் என்னும் பெயர். அக்குடும்பம் தோல் தொழிலைக் குலத் தொழிலாகக் கொண்ட சமார் குலத்தைச் சேர்ந்தது. அந்நாளில் அக்குலத்தாரைப் பிறர் தீண்டத் தகாதவர் என ஒதுக்கி வைத்தனர். பொதுக் கிணற்றில் நீர் முகக்கவோ, கோயிலுள் சென்று வழிபடவோ, பிறரோடு ஒரு பந்தியில் அமர்ந்து உண்ணவோ அவர்களுக்கு இடம் இல்லை.

பாலுவின் தந்தையார் ஆங்கிலேயரது படையில் பணி புரிந்தார். அதனால் குடும்பம் பூனா நகரில் குடியேறிற்று. பூனா அக்காலத்தில் பெரியதொரு படைநகரம். படை அதிகாரிகள் மாலை தோறும் கிரிக்கெட்டு ஆடினர். அவர்கள் தேய்ந்த பந்துகளையும் விரிந்த மட்டைகளையும் கழித்துவிடுவர். பாலுவும் அவர் தம்பியரும் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஆடிப் பழகினர். தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் என்போர் ஆவர். பிற்காலத்தில் இந்நால்வருமே இந்துக்களின் அணியில் இடம்பெற்றனர் என்பது எண்ணி மகிழத் தக்கது. ஒரு வீட்டில் நால்வர் இத்தகைய திறம் பெறுதல் அரிது.

இளமையிலேயே பாலு வேலை தேட வேண்டியவர் ஆனார். பூனாவில் பார்சிகளுக்கென ஒரு கிரிக்கெட்டுக் கழகம் இருந்தது. அங்கே ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுத்துத் தரையைச் சமன் செய்வதும் அவர் பணி. திங்கள் ஊதியம் மூன்று ரூபாய். கழகத்து உறுப்பினர் பயிலும்போது ஆள் குறைந்தால், இவரைப் பந்து வீசச் சொல்வதும் உண்டு. பின்னர் 1892-ஆம் ஆண்டு அளவில் ஆங்கிலேயரது பூனாக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஊதியம் நான்கு ரூபாய். உருளை இழுத்தல், கோடு வரைதல், பயிற்சிக்கென வலை கட்டுதல் முதலியன எல்லாம் அவரே செய்தல் வேண்டும்.

ஒருநாள் ஆங்கிலேயர் ஒருவர், வலை கட்டிய களத்தில் தமக்குப் பந்து வீசுமாறு பாலுவைப் பணித்தார். பாலு இடக்கையால் வீசுபவர். அவர் வீசும் பந்து விரைந்து வாராது, மெல்லவே வரும். ஆயினும் தரையில் பட்டதும் எப்பக்கம் திரும்பும் என்று மட்டை பிடித்தவரால் கணிக்க இயலாது. வலப்புறம் திரும்பும் என்று எண்ணினால் இடப்புறம் திரும்பும். திரும்பும் என்று எண்ணினால் நேரே செல்லும். இக்கலையை அவருக்குக் கற்பித்த ஆசிரியர் எவரும் இலர். ஆங்கிலேய அதிகாரிகள் வீசும் முறையை ஓரமாக நின்று கண்டு, தாமே பழகித் தேர்ந்தார்.

அக்கழகத்தில் கிரெயிக் என்னும் படைத்தலைவர் இருந்தார். இந்தியாவில் இருந்த ஆங்கில மட்டையாளருள் அவரை வெல்வார் அரியர். அவர் ஏனையோர்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே களத்திற்கு வந்து, பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு பயில்வார். தம்மை ஆட்டம் இழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டு அணாக் கொடுப்பார் என்று சொல்வர். எட்டு அணா என்பது அரை ரூபாய். நான்கு ரூபாய் ஊதியம் பெறுபவர்க்கு அது நான்கு நாட் கூலிக்கு ஒப்பாகும்! இதனால் இருவரும் பயன் பெற்றனர். கிரெயிக்கின் மட்டைத் திறம் வளர்ந்தது. பாலுவின் விரல்களும் நுட்பம் பெற்றன.

ஆயினும் ஒன்று. பல நூறு மணி நேரம் பந்து வீசிய பாலுவின் கையில், அக்கழகத்தார் ஒரு நாளேனும் மட்டையைக் கொடுத்ததில்லை. மட்டை பிடிப்பது உயர்ந்தோர் செயல், வியர்வை சிந்திப் பந்து வீசுவது பணியாளன் செயல் என்று அவர்கள் கருதினர். இதனைப் படிக்கும் மாணவர் சற்றே தம் தெருவையும் நோக்குக. கள்ளக்குறிச்சியைச் சார்ந்த எங்கள் கருணாபுரத்தில் மாலைப் பொழுதில் சிறுவர் தென்னை மட்டையைச் செதுக்கிக் கொண்டு ஆடுவதை யான் பன்முறை கண்டதுண்டு. மட்டை எவனுடையதோ அவனே முதலில் ஆடுவான். ஒன்றும் இல்லாத பையன் வெயிலில் பந்து வீசுவான்; சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்து வருபவனும் அவனே. விளையாட்டுத்தானே என்று நாம் கண்டு கடந்து போகிறோம்.

பூனாவில் இருந்த இந்துக்கள் ஓர் அணி அமைத்து ஆங்கிலேயரை வெல்ல விரும்பினர். நகரிலேயே சிறந்த பந்து வீச்சாளர் யார் என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவரைச் சேர்ப்பதா என்பதில் பெரும் பூசல் எழுந்தது. உயர் குலத்தார் சிலர் உடன்பட மறுத்தனர். வேறு சிலர் சேர்த்தே ஆதல் வேண்டும் என்றனர். பாலுவை விலக்கி வைத்தால் இந்துக்கள் அறிவிலிகளாவர் என்று கிரெயிக்கே வெளிப்படையாகக் கூறினார் என்பர். முடிவில் பாலு சேர்க்கப்பட்டார். சேர்த்த முறையைத்தான் கேட்டல் வேண்டும்.

ஆட்டக்களத்தில் அவர் தொட்ட பந்தையே ஏனையோரும் தொட்டனர். அவர் வீசினார், அவர்கள் பிடித்தனர், பிடித்த பந்தை மீண்டும் அவர் கையிலேயே தந்தனர். ஆனால் இடைவேளையில் மற்றவர் கூடத்திலே அமர்ந்து பீங்கான் கிண்ணத்தில் தேநீர் அருந்த, பாலு கூடத்திற்கு வெளியே நின்று, அருந்தியபின் உடைத்தெறியும் மண் கலயத்தில் அருந்தினார். முகம் கழுவ வேண்டினால் அவர் குலத்தைச் சேர்ந்த பணியாள் ஒருவன் ஓர் ஓரத்தில் நீர் கொண்டுவந்து வார்ப்பான். உணவும் தனி இலக்கத்தட்டு, தனி மேசை. ஈண்டுக் கருதத் தக்கது ஒன்று உண்டு. கிரிக்கெட்டுப் பந்தின் மேலுறை தோல். தோலைப் பதம் செய்து தைத்தவர்கள் பாலுவின் குலத்தை ஒத்த குலத்தினரே. அப்பந்தைத் தொடுவதில் தீட்டு இல்லையாம். அவர் அருந்திய கலயத்தைத் தொடுவதில் தீட்டு உண்டாம்! இதற்கு எந்த நூலில் விதி கண்டனரோ, யான் அறியேன்.

பூனாவின் இந்து அணி பல ஆட்டங்களில் வென்றது. சாத்தாராவில் வெள்ளையர்க்கென இருந்த கழகத்தோடு ஆடியது குறிப்பிடத் தக்கது. பாலுவின் பந்து திரும்பாதிருத்தல் வேண்டி, அக்கழகத்தார் ஒரு வாரம் உருளை இழுத்துத் தரையைக் கல்போல் ஆக்கி வைத்தனராம். தரையை உருட்டிச் சமன் செய்வதையே தொழிலாகச் செய்து வளர்ந்தவரிடம் அச்சூழ்ச்சி செல்லவில்லை. அவர் எழுவரை ஆட்டம் இழக்கச் செய்தார். பூனா அணி எளிதில் வென்றது. நகர் திரும்பிய பாலுவை மக்கள் பாராட்டினர். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, இவரோடு ஆடுதல் கூடுமாயின் இவரோடு உண்ணுதலும் கூடும் அன்றோ என அணியினரை இடித்துரைத்தார் என்பர். திலகரும் பொதுக்கூட்டத்தில் பாலுவைப் போற்றினார்.

1890-களின் பிற்பகுதியில் கொள்ளை நோய் பரவிய காலத்தில் பாலுவின் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. அங்கே படையிலும், பின்னர்ப் ‘பம்பாய், பரோடா, மத்திய இந்தியா இரயில்வே’யிலும் அவர் பணி பெற்றார். பரமானந்ததாசு சீவன்தாசு இந்து சிம்கானாவில் சேர்வதற்கும் முதலில் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பம்பாய் பூனாவைப் போல் நடந்துகொள்ளவில்லை. நாளடைவில் பாலுவும் சிவராமும் ஏனைய வீரரோடு ஒரே இடத்தில் உண்டனர்.

1906-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் பம்பாயில் இந்துக்களும் ஆங்கிலேயரும் மோதினர். இரண்டாம் முறை ஆட வந்தபோது ஆங்கிலேயர் வெற்றி பெற 212 ஓட்டங்கள் எடுத்தல் வேண்டும். பாலுவின் பந்துகளுக்கு முன் அவர்கள் 102 ஓட்டங்களிலேயே சுருண்டனர். இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றனர். அவ்வெற்றியில் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் மொத்தம் எட்டு. வங்கப் பிரிவினையால் நாடு கொதித்திருந்த காலம் அது. ஆள்வோரை ஆளப்படுவோர் ஒரு களத்திலாயினும் வென்றனர் என்பதே மக்களுக்குப் பேருவகை தந்தது. சீர்திருத்தம் நாடிய இதழாளர் மற்றொன்றையும் கண்டனர். சமார் குலத்து உடன்பிறந்தார் இருவரைச் சமமாக ஏற்றுக்கொண்ட அணி வென்றது என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர்.

1911-ஆம் ஆண்டில் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பல சமயத்தாரும் கலந்த அணி அது. மன்னரோ இலண்டனில் விருந்துகளையும் அரசவையையும் நாடிச் சென்றுவிட்டார். சிறந்த மட்டையாளராகிய மிசிதிரியையும் உடன் அழைத்துக்கொண்டார். அணி தொடர்ந்து தோற்றது. அத்தோல்விகளுக்கிடையே அயராது நின்றவர் பாலு ஒருவரே எனலாம். வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. தோளில் வலியும் இருந்தது. எனினும் கேம்பிரிட்சுப் பல்கலைக் கழகத்தாரோடு ஆடியபோது ஒரே இன்னிங்சில் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலெசுட்டர்சயர் மாவட்ட அணியோடு ஆடியபோது இரு இன்னிங்சிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட்டுகள் பெற்று வெற்றிக்கு வழிவகுத்தார். சாமர்செட்டு அணியோடு ஆடிய ஆட்டத்தில் தம்பி சிவராம் நூறு ஓட்டங்களுக்கு மேல் எடுத்து வெற்றி தேடித் தந்தார். அச்சுற்றுலாவில் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 114. தாயகம் திரும்பிய அவருக்குப் பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். அங்குப் படித்த வரவேற்பிதழை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர் என்பர்.

இத்துணைப் புகழ் பெற்றும் இந்து அணியின் தலைமை மட்டும் பாலுவுக்கு வாய்க்கவில்லை. ஆண்டுதோறும் அவரைவிட இளையவரும் திறம் குறைந்தவரும் அதற்குக் கருதப்பட்டனர். தலைவராகிய பை என்பவர் ஒரு விழாவில், தமக்கு அளித்த இப்பெருமை மூத்தவராகிய பாலுவுக்கே உரியது என வெளிப்படக் கூறினார். அதன் பின்னும் தேர்வாளர் மனம் இளகவில்லை. 1920-இல் பாலு அணியினின்றே விலக்கப்பட்டார். அதுகண்ட சிவராமும் விட்டலும் தாமும் ஆடோம் என அறிக்கை விடுத்து விலகினர். நகரில் எழுந்த கிளர்ச்சியால் மூவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். பாலு துணைத் தலைவர் ஆனார். ஆட்டத்தின் இடையே பை களத்தை விட்டு வெளியேறிச் சிறிது நேரம் பாலுவே அணியை நடத்துமாறு செய்தார். சிறிது நேரந்தான்! பை நற்குணத்தர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் உரியவர்க்கு உரியதை இரவலாகப் பெறும் நிலை பாலுவுக்கு நேர்ந்ததே என்று நெஞ்சு வருந்துகிறது.

அவ்வளவில் பாலு ஓய்வு பெற்றார். முதல்தர ஆட்டங்கள் 33-இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 15 அளவே. இந்தியா தன் முதல் டெசுட்டு ஆட்டத்தை ஆடியது 1932-இல். அந்நாளில் அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. ஆனால் அவர் குடும்பத்தார் 1920-இல் தொடுத்த போராட்டம் வீண்போகவில்லை. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார். ஆங்கிலேயரை வென்ற அன்று உயர் குலத்து இளைஞர்கள் விட்டலைத் தோளில் சுமந்து களத்தைச் சுற்றி வந்தனர். பாலு அதனைக் காண உயிரோடு இருந்தார்.

பின்னாளில் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932-இல் ஏற்பட்ட பூனா உடன்படிக்கையில், நம் சென்னையைச் சேர்ந்த எம். சி. இராசாவோடு அவரும் கையொப்பம் இட்டார். 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசின் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று, 13,245-க்கு 11,225 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றார். முன்பு வரவேற்பிதழ் வரைந்தவரும் அதனைப் பெற்றவரும் ஒரே தொகுதியில் எதிரெதிரே நின்றது காலத்தின் விந்தை எனலாம்.

1955-ஆம் ஆண்டு சூன் முதல் நாளன்று தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த திங்களில், சூலை 4-ஆம் நாள், பல்வங்கர் பாலு பம்பாயில் காலமானார்.