படிப்போர் பொழுதைக் காத்தவர்

ஞானசம்பந்தர் தோன்றிய சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராய் விளங்கிய அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். படிக்க வருவோர் மிகச் சிலரே. சில நாளிலேயே மனம் சலித்துக் கல்லூரிக்கு மீள விழைந்தார். இங்கிலாந்தில் நூலகப் பயிற்சி பெற்று வந்தபின்னும் மனம் ஒப்பாவிடின் மீளலாம் என மேலோர் தடுத்தனர்.

இலண்டனில் பயின்ற அவர் ஆங்குள்ள நூலகங்கள் பலவற்றை நேரிற் கண்டார். தொழிலாளரும் வணிகரும் தத்தம் பணிக்கு வேண்டிய நூல்களைத் தாமே எடுத்துப் படித்தனர். நூலடுக்குகள் பூட்டிக் கிடந்தாலோ, படிப்பவர் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். வந்த நூல் வேண்டாததாயின் மறுபடியும் சீட்டு, மறுபடியும் காத்திருப்பு. விரைந்து படிக்க வல்லவர்க்கும் பொழுது தேடுதலிலேயே கழிந்துவிடும்!

1925-இல் திரும்பிய அரங்கநாதன் கல்லூரியை மறந்தார். அடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்டார். ஒரு பொருள் பற்றிய நூல்கள் ஒருங்கே நிற்பின், பொருளடக்கத்தையும் ஈற்றிலுள்ள சொல்லடைவையும் புரட்டி வேண்டிய பக்கத்தை விரைவில் அடையலாமன்றோ? அதற்கென அவர் வகுத்த கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. சிறு துண்டுகளைத் திருகாணியால் இணைத்துப் பல வடிவங்கள் ஆக்கும் விளையாட்டுக் கருவியொன்றை இலண்டன் கடையிற் கண்டதே அதற்கு வித்தாயிற்று என்பது வியப்பன்றோ! 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்போரின் காலத்தைக் காத்தல் பற்றியது.

ஊர்தோறும் நூலகம் வேண்டும் என அவர் இடையறாது உழைத்ததன் பயனாக, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பிற்காலத்தில் தம் சேமிப்பினின்று ஓர் இலட்சம் ரூபாயை, துணைவியார் சாரதை பெயரும் விளங்க, நூலகவியற் பேராசிரியர் பதவிக்கென அப்பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். 1972-இல் பெங்களூரில் மறைந்தார்.