கண் தெரியாமல் நடந்த சுந்தரர்

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் போட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த நாட்களில் பெரியபுராணத்தை மனைவி வாசிக்க, நான் கேட்டேன். எழுதிய சேக்கிழார் நம் பக்கத்து குன்றத்தூர்க்காரர். அதில் என்னைப் பிடித்துக்கொண்டவர் சுந்தரர்.

பிறந்தது திருநாவலூர். காலம் 8-ஆம் நூற்றாண்டு என்பார்கள். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார். கிழிந்தது நகல்தான், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் சபையில் எடுத்து வைத்தார் கிழவர். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வந்தவர் சிவபெருமான். அன்றிலிருந்து இருவரும் தோழர்கள்.

நம் ஊர்ப் பக்கமும் வந்திருக்கிறார். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தால், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகில் திருக்கச்சூர். அங்கே இவர் பசியோடு உட்கார்ந்திருக்க, தோழர் வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சோறு கொண்டுவந்து போட்டார்.

பிறகுதான் சோதனை. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் தாங்காமல் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. தப்பு அவர்மேல்தான், அவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒற்றியூருக்குத் திரும்பவில்லை, திருவாரூரைப் பார்த்தே நடந்தார்.

திருவெண்பாக்கம் கோயில் வாசலில் நின்று, உள்ளே இருக்கிறீரா என்றே கேட்டுவிட்டார். இருக்கிறோம், நீ போய் வா என்று பதில் வந்தது. பார்வை வரவில்லை, கைக்கு ஒரு கோல்தான் கிடைத்தது. கோபத்தில் அதை வீசியதில் நந்தியின் கொம்பு உடைந்ததாக அந்த ஊரில் சொல்வார்கள். நானாக இருந்தாலும் வீசியிருப்பேன். (பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரிக்குள். சென்னைக்குக் குடிதண்ணீர் தர 1944-ல் கட்டி முடித்த ஏரி அது. கோயிலை வேறு இடத்தில் எழுப்பினார்கள்.)

திட்டினார், கெஞ்சினார், பாடினார். நடையை மட்டும் நிறுத்தவில்லை. பதில் சொன்னவர் கூட வருகிறார் என்ற ஒன்றை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. திருவாலங்காடு வழியாகக் காஞ்சிபுரம் சேர்ந்தபோது இடது கண் தெரிந்தது. அந்த ஒரு கண்ணோடு சோழ நாடு வரை நடந்தார். வழியில் உடம்பில் தோல் நோய் வேறு. அது திருத்துருத்திக் குளத்தில் தீர்ந்தது. திருவாரூரில்தான் வலது கண் வந்தது.

வந்ததும் வீட்டுக்குப் போக முடிந்ததா? ஒற்றியூர் கல்யாணச் சேதி கேட்டிருந்த முதல் மனைவி பரவையார் உள்ளே விடவில்லை. அதற்கும் தோழரைத்தான் கூப்பிட்டார். அவரும் அந்த ராத்திரியில் இரண்டு தடவை தூது நடந்தார்.