அடையாற்றில் வாழ்ந்த மாண்டிசோரி அம்மையார்

நம் சிறுசேரியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே வடக்கே சென்றால் அடையாறு. அங்கே ஓலைக் கொட்டகைகளில், உலகம் போற்றிய ஓர் இத்தாலியப் பெண்மணி நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமான அக்காலத்தில், 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சின்னஞ்சிறுவர் அங்கே சேர்ந்தார்கள்.

விலையுயர்ந்த பொம்மைகளையும் வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் அவற்றைச் சீந்தவில்லை. கட்டைகளை அடுக்குவதிலும், உருளைகளைக் குழிகளில் பொருத்துவதிலும் தம்மை மறந்தார்கள். நாம் விளையாட்டு என்போம். அம்மையாருக்கு அது குழந்தையின் வேலை.

இச்சாமான்களில் ஒவ்வொன்றும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இத்தனை பிள்ளைகளுக்கு ஒன்றா என்று கேட்கத் தோன்றும். காசில்லாத குறையன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஒரு பிள்ளை எடுத்துவிட்டால் மற்றது பறிக்கக் கூடாது. அது முடித்து, எடுத்த இடத்திலேயே வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கும். காத்திருக்கும் சிறிசு பெரிசைப் பார்த்துக் கற்கும். பெரிசு சிறிசுக்குக் கைகொடுக்கும். நம் வீடுகளில் நடப்பதோ வேறு. இருவர் ஒரு பந்துக்குச் சண்டையிட்டால் இன்னொரு பந்து வாங்கி வருகிறோம். இல்லையேல் பெரியவனை அதட்டிச் சின்னவனிடம் கொடுத்து விடுகிறோம்!

அம்மையார் எழுதி வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டியில் மிதந்த பொம்மைகளைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்றனர். இரண்டரை வயதுப் பொடியன் ஒருவன் முண்டிப் பார்த்தான், முடியவில்லை. சற்றே யோசித்தான். ஒரு சிறு நாற்காலி கண்ணில் பட்டது. அதை இழுத்துப் போட்டு ஏறலாமென்று முகம் மலர ஓடினான். அதற்குள் ஆசிரியை இரக்கப்பட்டு அவனை அப்படியே தூக்கிக் காட்டி விட்டார். பொம்மைகளைக் கண்டான், முகத்திலிருந்த மலர்ச்சி போயிற்று. அன்பினால் செய்த அந்த அவசரத்தை அம்மையார் பெரிய இழப்பாகவே கருதினார்.

1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் அடையாறு வந்தார். சபையின் விருந்தினராக இருந்தாலும் இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார் என்பதை இங்குச் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ முந்நூறு பேர் முதல் பயிற்சியில் சேர்ந்தார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிற்று. முசோலினியோடு ஒத்துப்போகாமல் தாய்நாட்டை விட்டு வந்தவரையே ஆங்கில அரசு பகைநாட்டவராகக் கருதியது. மகனைக் காவலில் வைத்தது. அம்மையாரை அடையாற்று வளாகத்தை விட்டு அகலாதபடி கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சமாதானத்தைப் பற்றிப் பேசியவருக்கு நேர்ந்த கதி இது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று மரியோவை விடுவித்தார்கள்.

பின்பு கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கும் சிறு பிள்ளைகளுடனேயே பொழுது கழிந்தது. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் நூர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.